இசக்கியக்காவைக் கேட்காமல் தொடாதே

போன மாதம் ஒரு பிள்ளை எனக்குப் போன் போட்டாள். பெயர் மெர்சி என்றாள். பாளையங்கோட்டையில் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறார்களாம். அதை எழுதுகிறவள் இவள்தான்.

"ஆச்சி, நீங்கதான இசக்கியக்கா?"

"ஆச்சிங்குத, அப்புறம் அக்காங்குத. ஒண்ணுல நில்லு தாயி."

"அக்கான்னு நான் சொல்லல ஆச்சி. புரோகிராமுக்குள்ள எழுதியிருக்கு."

எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ரேஷன் கார்டில் பெயர் இருக்கலாம், கல்யாணப் பத்திரிகையில் இருக்கலாம். புரோகிராமுக்குள் என் பெயருக்கு என்ன வேலை? அவள் விளக்கினாள். பழைய புரோகிராமில் ஓரிடத்தில் மூன்று கேள்விகள் தனித்தனியாக வரிசையாக இருக்கின்றன. இப்படி இருந்தால் இதைச் செய், அப்படி இருந்தால் அதைச் செய் என்று. அதற்கு மேலே தமிழில் ஒரு வரி: 'இசக்கியக்காவைக் கேட்காமல் இந்த மூன்றையும் தொடாதே.' அந்த வரியை மிஷின் படிக்காதாம், தாண்டிப் போய்விடுமாம். பின்னால் வருகிற மனுஷர் படிப்பதற்காக எழுதி வைப்பதாம். எழுத்தைக் கண்டால் தாண்டிப் போவதில் மிஷினும் நானும் ஒரே வகுப்பு.

"மூணு இஃப் எதுக்கு ஆச்சி? கேஸ்னு ஒண்ணு இருக்கு, மூணையும் அது ஒண்ணுலயே முடிச்சிரலாம். பாக்க அழகா இருக்கும். அதான் உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னு."

"தொடாத. ஏன்னு எழுதித் தாரேன்."

எழுதித் தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். தப்பு இருந்தால் என் பேத்தி திருத்துவாள். திருத்தியதில் தப்பு இருந்தால் அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தரை துடைக்க. முதல் வருஷத்தில் தரையைத் தவிர வேறொன்றையும் பார்த்த ஞாபகம் இல்லை. அப்புறம் கட்டில் விரிப்பு, அப்புறம் வெந்நீர், அப்புறம் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. ஐந்தாவது வருஷம் ஃபைல் கவுண்டரில் இருந்த பெண் கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எழுத்துக் கூட்டிப் படிப்பியா இசக்கி?"

"தமிழ்னா கூட்டுவேம்மா. இங்கிலீஷக் கண்டா பெருக்கித் தள்ளிருவேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சேலை முந்தியில் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். எது எதுவென்று கண்டுபிடிக்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. சிரிப்பென்றால் ஒரு பக்கக் கண்ணாடியைத்தான் துடைப்பார். கோபமென்றால் இரண்டு பக்கமும். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஒரு மூலையில் நின்று அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்போம்.

எழுத்து வராத எனக்காக அவரே ஒரு வழி செய்தார். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒவ்வொருத்திக்கும் ஒரு ஃபைல். அதன் மூலையில் பென்சிலால் ஒரு அடையாளம் போடுவார். சுகர் இருந்தால் வட்டம். பிரஷர் இருந்தால் மேல்நோக்கி ஒரு அம்பு. ரத்தம் நெகட்டிவ் குரூப் என்றால் குறுக்கே ஒரு சின்னக் கோடு. நான் அதைப் பார்த்து, ஃபைலின் ஓட்டையில் ரிப்பன் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சடைக்குக் கட்டுகிற அதே ரிப்பன்தான். வட்டத்துக்குச் சிவப்பு, அம்புக்கு மஞ்சள், கோட்டுக்குப் பச்சை. வார்டில் யாரும் ஃபைலைத் திறக்கவே வேண்டாம். சிவப்பு தொங்கினால் அந்தக் கட்டிலுக்குப் பாயசம் போகாது. மஞ்சள் என்றால் மூன்று வேளையும் பிரஷர் பார்ப்பார்கள். பச்சை என்றால் பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் ஒரு ஊசி. ஒன்றுமில்லாதவளுக்கு ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்து இன்னும் ரிப்போர்ட் வராதவளுக்கு மட்டும் சணல் கயிறு.

"அது எதுக்கும்மா சணல்? வந்த பிறகு ரிப்பனக் கட்டிட்டாப் போச்சு."

"தெரியாததை இல்லைன்னு நினைச்சிரக் கூடாது இசக்கி" என்றார்.

அந்தப் பச்சை ரிப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிறந்த பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால், பிரசவ நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய் உடம்பில் கலந்துவிடும். தாய் உடம்பு அதை வேற்றாள் என்று குறித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளை வயிற்றில் வரும்போது, அதுவும் பாசிட்டிவாக இருந்தால், தாய் உடம்பே அதைத் தாக்கும். ஊசி போட்டால் உடம்பு குறித்து வைக்காது. மூன்று நாளுக்குள் போட வேண்டும்.

ஒருத்திக்கே இரண்டு மூன்று ரிப்பனும் வரும். அந்த ஃபைல்களுக்கு எங்களுக்குள் சப்பரம் என்று பெயர். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஜோடித்த சப்பரம் மாதிரி கலர் கலராகத் தொங்கும். "நாலாம் நம்பர் கட்டில்ல சப்பரம்" என்று நான் சொன்னால் போதும், நர்ஸ் பிள்ளைகள் நடை கொஞ்சம் வேகமாகிவிடும்.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. ஆள் கூடியது, ஃபைல் கூடியது, ரிப்பன் வாங்கி மாளவில்லை. டாக்டரம்மா கம்ப்யூட்டர் வைக்க முடிவு செய்தார்.

புரோகிராம் எழுத வந்தவர் செல்வின். பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். கீழே இரும்பு கடைகிற சத்தத்தில் பேசிப் பழகியவர் என்பதால், எங்கள் பிரசவ வார்டிலும் கத்தித்தான் பேசுவார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நிதானமான ஆள்.

அவர் வருவதற்கு முந்தின நாள் டாக்டரம்மா, "நாளைக்குக் கம்ப்யூட்டர் தம்பி வாராங்க. கவுண்டரைக் கொஞ்சம் ஒழுங்கா வை" என்றார்.

வைத்தேன். அதில்தான் எல்லாம் கெட்டது.

சப்பர ஃபைல்கள் பார்க்க நன்றாக இருக்காது. பலமுறை வந்து போனவர்களுடையது என்பதால் தடித்துப்போய், எண்ணெய்க் கறை பட்டு, ஓரம் கிழிந்து, ஒட்டுப் போட்டு இருக்கும். அவற்றை எல்லாம் பொறுக்கி, ஒரு பழைய கட்டில் விரிப்பில் மூட்டையாகக் கட்டி, மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். மேசை மேல் மெலிந்த ஃபைல்கள் மட்டும். சிவப்பு தனி அடுக்கு, மஞ்சள் தனி அடுக்கு, பச்சை தனி, சணல் தனி. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கிற தட்டு மாதிரி இருந்தது.

செல்வின் இரண்டு நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இந்தச் சணல் எதுக்குக்கா?"

"ரிப்போர்ட் வரல தம்பி. தெரியாதத இல்லன்னு நெனச்சிரக் கூடாதுல்லா" என்று டாக்டரம்மா சொன்னதை என் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன்.

அவர் அசந்துபோனார். "நெறைய ஆபீஸ்ல இதத்தான்கா சொல்ல மாட்டாவ. நான் பாட்டுக்கு மிச்சம் எல்லாம் நார்மல்னு போட்டிருப்பேன்" என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டார். எனக்கு ஒரே பெருமை. படித்த மனுஷன் என் சணலுக்குக் கோடு போடுகிறார்.

பிறகு அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒரு ஃபைலுக்கு ஒரு ரிப்பன்தான, என்னக்கா?"

"என்ன தம்பி, ஒரு தலைக்கு எத்தன கிரீடம் வைப்பீய?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அந்த நேரம் என் கால் மேசைக்கு அடியில் அந்த மூட்டை மேல்தான் இருந்தது.

மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூட்டையை எடுத்தால் ஒழுங்கு கெட்டுப்போகும், அவர் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் என்றால் இதெல்லாம் அதற்கே தெரியும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து புது ஆட்களுக்கு ரிப்பன் கிடையாது. விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் கார்டின் தலைப்பில் ஒரு கலர்க் கோடு அச்சாகி வரும். சிவப்பு, மஞ்சள், பச்சை. காலையில் வார்டுக்கு ஒரு பட்டியல் வரும். பச்சைக்காரிகளுக்கு மட்டும் தனியாக ஊசிப் பட்டியல். ஏற்கெனவே மூட்டையில் இருந்தவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் பழையபடி ரிப்பனிலேயே ஓட்டினோம். எல்லாம் அழகாக நடந்தது. என் ரிப்பன் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனவர்களின் ஃபைல்களை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று சீவலப்பேரி முத்துலட்சுமியுடையது. எட்டாம் மாதம்தான் எங்களிடம் வந்தவள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஃபைலை நிமிர்த்தும்போது லேப் சீட்டு நழுவி விழுந்தது. எடுத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷே ஒரு சின்னக் கோடுதான். அந்தக் கோடு அதில் இருந்தது.

கை தானாகப் பச்சை ரிப்பனுக்குப் போனது. அப்புறம்தான் கார்டைப் பார்த்தேன். தலைப்பில் சிவப்பு மட்டும்.

ஸ்டெல்லா சிஸ்டரிடம் ஓடி, ஊசி நோட்டைப் பார்க்கச் சொன்னேன். அவள் விரலை மேலும் கீழும் ஓட்டினாள். "இந்தப் பேரு இல்லக்கா. இவ செவப்புல்லா? பட்டியல்ல வரலையே."

டாக்டரம்மாவிடம் சொன்னோம். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"பிள்ளைக்கு என்ன குரூப்?"

"பாசிட்டிவ்மா" என்றாள் ஸ்டெல்லா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு மணிக்கு மூன்று நாள் முடிகிறது. கைவசம் மூன்றரை மணி நேரம்கூட இல்லை. முத்துலட்சுமி புருஷன் நம்பருக்கு அடித்தோம், அணைத்து வைத்திருந்தது. திரும்ப அடித்தோம். அதே கதி.

"என் காரை எடுத்துட்டுப் போங்க. ஊசியை ஐஸ் பெட்டியில வச்சுக்குங்க. வீட்லயே போட்டுட்டு, அரை மணி நேரம் பக்கத்துல இருந்து பாத்துட்டு வாங்க. இசக்கி, நீயும் போ. நீ பேசுவ."

ஊசி வைத்திருந்த ஃபிரிட்ஜின் சாவி ராத்திரி டூட்டி சிஸ்டரோடு போய்விட்டிருந்தது. அவளைத் தேடிச் சாவி வாங்கி, ஐஸ் கட்டி வைத்துக் கிளம்பவே எட்டே முக்கால் ஆகிவிட்டது. சீவலப்பேரிக்குள் நுழைந்து வீடு விசாரித்தால், தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். மாட்டைப் பற்றிக்கொண்டு வந்த ஒருவர்தான் கை காட்டினார். வாசலில் முத்துலட்சுமியின் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். எழுந்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து வாரோம் மதினி. ஒங்க மருமவளுக்கு ஒரு ஊசி பாக்கி."

"நேத்துப் போய்ட்டு வாங்கன்னு அனுப்புனீய. இன்னைக்கு ஊசியத் தூக்கிட்டுப் பின்னாலயே வாரீய."

"ஒங்க வீட்டுச் சோத்து வாசம் பாளையங்கோட்டை வரைக்கும் அடிச்சுது, அதான் வந்துட்டோம்."

எந்த வீட்டிலும் எடுபடுகிற பேச்சு அது. அவள் சுளகைத் தட்டுவதைக்கூட நிறுத்தவில்லை.

"பிள்ளைக்கு எதுவும் கோளாறா? மறைக்காமச் சொல்லு."

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"பொறவு எதுக்கு ஊசி?"

"அடுத்த பிள்ளைக்கு."

"அடுத்ததா? இதுக்குத் தொப்புள் காயல, அதுக்குள்ள அடுத்ததுக்கு ஊசியா? வெளாடுதியா? பெத்தவன் மொட்ட போட திருச்செந்தூருக்குப் போயிருக்கான். சாயங்காலம் வருவான். அவன்கிட்ட கேட்டுட்டுப் போடலாம். பொறவு வாங்க."

மணி பத்தாகப் போகிறது. ஸ்டெல்லா ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்றுதான் என்னை அனுப்பியிருந்தார்கள். இன்னும் நாலு வேடிக்கைப் பேச்சு கைவசம் இருந்தது. அதை எல்லாம் அப்படியே விட்டேன். சுளகுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மதினி, எங்க தப்பு. நேத்தே போட்டு அனுப்பியிருக்கணும். விட்டுட்டோம். இவ ரத்தம் வேற, பிள்ளை ரத்தம் வேற. இந்த ஊசி போடாட்டா, அடுத்தது உண்டானா இவ ஒடம்பே அதுக்கு எமனாயிரும். பதினோரு மணி தாண்டிட்டா ஊசி கேக்குமான்னு சொல்ல முடியாது. அதான் ஓடி வந்தோம்."

அவள் சுளகைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து முத்துலட்சுமியின் குரல் வந்தது.

"அத்த, என் ஒடம்புல போடுத ஊசிதான? நான் சொல்லுதேன், போடட்டும்."

மாமியார் நகர்ந்து வழி விட்டாள்.

பத்தேகாலுக்கு ஊசி போட்டாயிற்று. அரை மணி நேரம் முத்துலட்சுமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், நான் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தேன், ஸ்டெல்லா மணியைப் பார்த்தாள். மாமியார் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். என் கையில் தம்ளரைக் கொடுக்கும்போது சொன்னாள்: "தப்புன்னு ஒத்துக்கிட்டதுக்குத்தான் உள்ள விட்டேன். மொதல்ல சொன்னயே சோத்து வாசம், அதுக்கு வெளக்கமாற எடுத்திருப்பேன்."

மத்தியானம் டாக்டரம்மா அறையில் செல்வின் உட்கார்ந்திருந்தார். பேட்டையிலிருந்து வெயிலில் வண்டியில் வந்த முகம். முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"கலர் போடுத எடத்துல கேஸ்னு ஒண்ணு எழுதியிருக்கேன் மேடம். கேள்விகள் வரிசையா நிக்கும். சுகர் உண்டா? இல்லன்னா பிரஷர் உண்டா? அதுவும் இல்லன்னா நெகட்டிவா? எதுல மொதல்ல ஆமான்னு வருதோ, அதோட வெளிய போயிரும். கீழ உள்ள கேள்வியக் கேக்கவே கேக்காது. அந்தப் பொண்ணுக்குச் சுகர்ல ஆமான்னு வந்துட்டு. நெகட்டிவ் கேள்வி வரைக்கும் அவ போகவே இல்ல."

"ஏன் அப்படி எழுதுனீங்க?"

"ஒரு ஆளு ஒரு கூட்டத்துலதான் இருக்க முடியும்னா கேஸ்தான் சரி மேடம். ஒரே ஆளு ரெண்டு மூணு கூட்டத்துல இருக்கலாம்னா, ஒவ்வொரு கேள்வியையும் தனித்தனியா இஃப் போட்டுக் கேக்கணும். ஒரு ஃபைலுக்கு ஒரு ரிப்பன்னு நெனச்சு நான் கேஸ எடுத்தேன்."

"ஒரு ரிப்பன்னு யார் சொன்னா?"

செல்வின் என் பக்கம் திரும்பவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். "நானா முடிவு பண்ணிக்கிட்டேன் மேடம். கேட்டிருக்கணும்."

இப்படி ஒரு பொய்யை எனக்காக யாரும் அதுவரை சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அது சுகமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் சுகத்தில் அப்படியே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி இல்லை.

"கேட்டாரும்மா" என்றேன். "நான்தான் வேடிக்கையா ஒரு பதில் சொன்னேன்."

கவுண்டருக்குப் போய், மேசைக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து டாக்டரம்மா மேசை மேல் அவிழ்த்தேன். அதில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதற்குள் பிரசவம் முடிந்திருந்தது. மீதி ஏழு ஃபைல். ரிப்பன்கள் மேசை விளிம்பில் தொங்கின. செல்வின் ஒன்றை எடுத்தார். சிவப்பையும் மஞ்சளையும் பச்சையையும் ஒவ்வொன்றாக விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி வந்தப்போ இது எங்க இருந்துச்சு?" என்றார் டாக்டரம்மா.

"மேசைக்கு அடியிலம்மா. ஒழுங்கா வைக்கச் சொன்னீங்கல்லா."

கண்ணாடியைக் கழற்றினார். நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் துடைத்தார். அடுத்த பக்கமும் துடைத்தார். ஆனால் மாட்டிக்கொள்ளாமல் மேசை மேலேயே வைத்துவிட்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"இசக்கி மறைச்சா. தம்பி ஒண்ணுன்னு நினைச்சாங்க. நான் கார்டுல உள்ள கலரைப் பாத்துட்டு ஃபைலைத் திறக்காமலே வீட்டுக்கு அனுப்புனேன்" என்றார். "இன்னைக்கே மாத்துங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துன எல்லா ஃபைலையும் நான் திறந்து பாக்கேன். இசக்கி, நீ எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வரைக்கும் அவர் திறந்தார். வேறு யாரும் விடுபட்டிருக்கவில்லை.

அந்த நேரத்தில் செல்வின் என் கவுண்டரில் உட்கார்ந்து மாற்றினார். மூன்று இஃப். சுகரா, சிவப்பு போடு. அது முடிந்தாலும் வெளியே போகாதே, பிரஷரா என்று கேள். அதுவும் முடிந்தாலும் நெகட்டிவா என்று கேள். மூட்டையில் இருந்த ஏழு பேரையும் ஏற்றிப் பார்த்தார். கார்டில் இரண்டு கோடும் மூன்று கோடும் வந்தன.

"அப்போ அந்தக் கேஸத் தூக்கிப் போட்டுட்டியளா தம்பி?"

"எதுக்குத் தூக்கிப் போடணும்? கட்டில் ஒதுக்குத எடத்துல அதுதான் இருக்கு. தனி ரூமா, ரெண்டு பேரு ரூமா, பொது வார்டா? ஒருத்தி ஒரு கட்டில்லதான படுக்க முடியும்?"

"ஆனா ஒருத்திக்கு மூணு சீக்கு வரலாம்."

"அதேதான்க்கா" என்றார். "எனக்கு இத ஒரு வாரம் வகுப்பெடுத்தாவ. நீங்க ஒரு வரியில சொல்லிட்டீய."

"இத நீங்க கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அந்த வரியை எழுதி வைத்திருக்கிறார் போல. என்னிடம் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் எந்த ஆபீசுக்கு வேலைக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் குனிந்து மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்ப்பாராம். ஒரு கடையில் பொருள் ஏதோ காணோம் என்று தேடுகிறார் என நினைத்து எல்லாரும் சேர்ந்து தேடினார்களாம். அவரே சொன்னது. இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார்.

மூன்று வருஷம் கழித்து முத்துலட்சுமி இரண்டாம் பிரசவத்துக்கு வந்தாள். கார்டில் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. பெண் பிள்ளை. அழுத அழுகை மாடிப்படி வரைக்கும் கேட்டது. மாமியார் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே என் கவுண்டருக்கு வந்தாள். ஃபைல்களுக்கு மேலேயே பிள்ளையை நீட்டினாள்.

"அடுத்தது அடுத்ததுன்னு வந்து உக்காந்தியே மதினி. இந்தா, பிடி."

பிடித்தேன். ஃபைல் கவுண்டரில் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்பது டாக்டரம்மா வைத்த சட்டம். அந்த வழியாக வந்தவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, ஒரு பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் மெர்சியே இரண்டாம் முறை கூப்பிட்டாள். கட்டிலையும் சீக்கையும் அவளுக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள்.

"புரியுது ஆச்சி, மூணு இஃப்பையும் அப்படியே வைக்கேன். ஆனா ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. சோதிச்சுப் பாக்க ஆஸ்பத்திரியில நூறு பேரு விவரம் குடுத்தாங்க. கேஸ்ல போட்டும் ஓட்டிப் பாத்தேன். நூறும் சரியா வந்துச்சே."

"அந்த நூறு பேருல எத்தன பேருக்கு ரெண்டு சீக்கு இருந்துச்சு?"

தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒருத்திக்குக்கூட இல்ல ஆச்சி."

"யாரு பொறுக்கிக் குடுத்தா?"

"இப்போ கவுண்டர்ல இருக்க அக்காதான். குழப்பமா உள்ளத எல்லாம் எடுத்துட்டு, சுத்தமா உள்ளதாப் பாத்துக் குடுத்தேன்னாங்க."

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் யாரானாலும் பெருக்கத்தான் செய்வார்கள்.

"நாளைக்கு அங்க போவியா?"

"போவேன் ஆச்சி."

"போனதும், எடுத்து வச்ச மிச்சம் எங்கன இருக்குன்னு கேளு. அவ எதாவது வேடிக்கையா பதில் சொல்லுவா. சிரிச்சுட்டே எழுதிராத. குனிஞ்சு பாரு."